ஏழு நிமிடக் கதையில் நீ

ஓட்வார்,

ஆறரைப் படகைப் பிடிக்க வேண்டும், அதனால் உன்னை எழுப்பவில்லை. மீன் சூப் குளிர்பெட்டியில் இருக்கிறது. கொதிக்க விடாதே, பால் திரிந்துவிடும். புகைபோக்கி துடைப்பவர் இரண்டு மணிக்கு வருவார்.

இன்று பயிற்சியின் கடைசி நாள். நான்கு வருடமாக மனநலப் பிரிவில் நோயாளிகளுக்குத் துணையாக இருக்கிறேன். நானும் அங்கே கிடந்தவள் என்பதுதான் என் தகுதி. ஆனாலும் சான்றிதழ் வாங்க, அங்கே இருக்கும் நோயாளிகள் முன்னால் சொந்தக் கதையை ஏழு நிமிடத்தில் சொல்லிக் காட்ட வேண்டுமாம். நேற்று ஒத்திகையில் ஆறு நிமிடம் மருத்துவமனையைப் பற்றியே பேசிவிட்டேன்.

"ஏம்மா ஊனி, எப்பத்தான் வீட்டுக்கு வர்றதா உத்தேசம்?" என்றார் ஆசிரியை பெரித். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

வந்ததும் உட்கார்ந்து மாற்றி எழுதிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது! பதினோரு மணிக்கு நான்தான் முதலில் பேசுகிறேன்.

அதில் நீ வருகிறாய். வீட்டுக்கு வந்த பிறகும் நான் எழாமல் கிடந்தபோது, தினமும் என் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் உருளைக்கிழங்கு தோல் உரித்தாய். ஒரு நாள் நானும் ஒன்றை எடுத்து உரித்தேன்.

கதையில் வருபவர் சம்மதிக்காமல் அவரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. நேற்று கேட்டதற்கு, "என்னைய ஏன் ஊர் முன்னாடி இழுக்குற?" என்று எழுந்து போய்விட்டாய். மறுபடி கேட்கிறேன். பத்தரைக்குள் செய்தி அனுப்பு.

ஊனி

பி.கு. புகைபோக்கி துடைப்பவர் ஏறுவதற்கு ஏணியை வெளியே எடுத்து வை.

இன்னொன்று. வேண்டாம் என்றால் உன்னை விட்டுவிட்டே சொல்வேன், கோபப்பட மாட்டேன். ஆனால் நான் தனியாகவே எழுந்து வந்தேன் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இன்று அங்கே படுத்திருப்பவர்களிடம் அப்படியொரு பொய்யைச் சொல்ல எனக்கு மனமில்லை.