யூரியா வைத்த கொடி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

மருமகள் செல்வி குடவாசலுக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது, கூடத்தில் படரும் மணி பிளான்ட் கொடியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இறந்துபோன அவள் அம்மா கிள்ளிக் கொடுத்தது. அம்மா வீட்டுத் தாய்க்கொடி இப்போது இல்லை. இது ஒன்றுதான் மிச்சம்.

முந்தாநாள் இலை மஞ்சளித்தது. பயிர் மஞ்சளித்தால் என் கை எங்கே போகும்? யூரியா மூட்டைக்குத்தான். ஒரு பிடி போட்டு, தொட்டி நிறையத் தண்ணீரும் கட்டினேன். இன்று காலையில் இலையெல்லாம் வெந்த கீரையாய்த் தொங்கியது.

பக்கத்து வீட்டு மல்லிகா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏன் பெரியப்பா, தை மாசம் அறுத்துடலாம்னு பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் செல்வி போன் செய்தாள்.

"அம்மா கொடி எப்படி இருக்கு மாமா?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யூரியா வச்சுட்டேம்மா" என்று வந்துவிட்டது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "நுனி எதாவது பச்சையா இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா."

"கணுவுக்குக் கீழ வெட்டி வெறும் தண்ணியில வைங்க. வேற எதையும் போட்டுடாதீங்க மாமா."

காலமெல்லாம் அரிவாள் பிடித்த கை அந்தக் கணுவை இரண்டு தரம் தடவிப் பார்த்தது. வெட்டிக் கண்ணாடி டம்ளரில் வைத்திருக்கிறேன். நாளை வந்ததும் அவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள். இலை லேசாகச் சாய்ந்த மாதிரி தெரிகிறது. தொட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது.