மேம்பாலம் தள்ளிப் போயிற்று

மர்பி டவுன், பெங்களூர்
அக்டோபர் 2003

மகளுக்கு,

நம் வீடு தப்பித்தது. மேம்பாலம் இந்தத் தெரு வழியாக வராது. பழைய கிடங்குகள் பக்கம் திருப்பிவிட்டார்கள். உன் அம்மா நேற்றிலிருந்து பாடிக்கொண்டே சமைக்கிறாள்.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறொன்றுமில்லை.

பாலம் வந்தால் யாருக்கு என்ன பாதிப்பு என்று கேட்க, போன மாதம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். குழாய்த் தண்ணீர், புகை, வெட்டப்போகிற மரங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் சாக்கடையைப் பற்றிப் பேசத்தான் எழுந்தேன். ஆய்வுக்கு வந்த பெண், "வேற எடத்துல நல்ல வீடே தராங்களே, உங்களுக்கு என்ன கஷ்டம் சார்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சொல்லாம கல்யாணம் பண்ணிக்கினு போன பொண்ணு ஒண்ணு இருக்குதும்மா. திரும்பி வந்தா இந்தக் கதவத்தான் தட்டும். அதுக்கு வேற வூடு தெரியாது."

சாக்கடையை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுச் செண்பகம் உன் விலாசத்தைக் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷமாக அவளிடம் இருந்ததாம். உன் அம்மாவுக்கும் தெரியுமாம்! இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினேன். ஆனால் வீடு நிற்குமா என்று தெரியாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை.

இப்போது நிற்கிறது. கதவும் அதேதான். தட்ட வேண்டாம், சும்மாதான் சாத்தியிருக்கும். மழையில் ஊறி இறுகிக் கிடக்கிறது. மாப்பிள்ளையைக் கொஞ்சம் பலமாகத் தள்ளச் சொல்.

உன் அப்பா