அப்பா எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்பு

குலசேகரம்
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் சுபிதாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், அதுபோல் நீயும் மருமகனும் பிள்ளையும் அயர்லாந்தில் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வார் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், சுபிதா மக்களே. இன்றைக்குப் பின்பாதியை மட்டும் எழுதுகிறேன், முன்பாதியை எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார். அவர் வெளியே போன நேரம் பார்த்து இரண்டு நாள் போனைக் கையில் எடுத்தேன், உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். எழுதினால் நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு பிரிஜா இதைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். உட்கார்ந்துகொண்டு வாசி.

நம் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பை எழுதிக் கொடுப்பது அப்பாதான் என்று உனக்குத் தெரியும். போன வாரம் வேதபுத்தகத்துக்கு அடியில் அவருடைய நோட்டு இருந்தது, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் ஜான்ரோஸ் என்று இருந்தது. அப்பாவைத் தவிர நம் சபையில் வேறு ஜான்ரோஸ் கிடையாது மக்களே. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வயதில் ரப்பர் பால் வெட்டப் போனார், தகப்பன் இறந்தபின் இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் வளர்த்துக் கரையேற்றினார், ஞானபாயை மணந்தார், ஒரு மகள், அவள் நர்ஸ். அவ்வளவுதான், பத்து வரி இல்லை. பயத்தோடு எனக்குக் கோபமும் வந்தது. பிரிஜாவின் மாமனார் ஒருநாளாவது வேலைக்குப் போனதை யாராவது பார்த்திருக்கிறார்களா, அந்த மனுஷனுக்கு ‘அயராத உழைப்பாளி’ என்று எழுதிக் கொடுத்தவர் தனக்கு அந்த வார்த்தையை எழுதவில்லை. நீ படிக்கும்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த கையோடு, பொரித்த சாளை மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி உன் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பாரே, அது இல்லை. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பதினொரு நாள் ரப்பர் வெட்டை விட்டுவிட்டு என் தலையைக் கோணல்மாணலாகப் பின்னிவிட்டாரே, அதுவும் இல்லை. கடைசியில் ‘இவர் .......... அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று தேதிக்குப் பென்சிலால் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தார்.

நோட்டுக்குள் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் மடித்து வைத்திருந்தது. இடுப்பு வலிக்குத் தைலம் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிரிஜா புருஷன் குமாரதாசின் டாக்ஸியில் திருவனந்தபுரம் போயிருக்கிறார். குமாரதாசைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் வாயைத் திறந்தான். வயிற்றில் இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதாம். வெடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கிடைக்காதாம். பாரம் தூக்கவே கூடாது, இந்த மாதமே ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் தேதியும் கொடுத்தாராம். அதற்கு அப்பா, சுபிதா பிள்ளைக்கு அங்க அடுத்த மாசம் நர்ஸ் பரீட்ச, அது கழியட்டும், பொறவு பாக்கலாம், அதுவர நீ வாயத் தொறக்கப்பிடாது கேட்டியா குமாரதாசே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். ரிப்போர்ட்டில் 5.9 செ.மீ. என்று இருக்கிறது. அது எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அதையும் பிரிஜா அனுப்புவாள்.

அவரோ ஒன்றுமே நடக்காததுபோல் தினமும் வெட்டுக்குப் போகிறார். பால் எடுத்து முடித்து வாளியை, ரப்பர் ஷீட் அடிக்கிற புரைக்கு முன்னால் வைக்கிற சத்தம் கேட்கிறவரை எனக்கு அடுப்பில் என்ன வேகிறதென்றே தெரிவதில்லை. வியாழக்கிழமை நேரமாகியும் சத்தம் கேட்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தோட்டத்தின் மேல்தட்டில் ஒரு மரத்தடியில் இடுப்பில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் வியர்வை. என்னட்டி இப்பிடி ஓடி வாற, சும்மாதான் இருக்கேன் என்றார். நான் வாளியை எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து என்னை அந்த வாளியைத் தொடவிட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டார், மக்களே. எனக்கு அதுதான் பெரிய பயம், பெரிய பேடி.

வீட்டுக்கு வந்து அந்தப் புள்ளிகளை ரப்பரால் அழித்தேன். அது அங்கே இருந்தால் தேதி தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்று பயம், பைத்தியக்காரி என்று சொல்லிக்கொள். மறுநாள் பார்த்தால் பேனாவால் திரும்பப் புள்ளி வைத்திருந்தார். அப்படியானால் எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். காப்பியில் சீனி கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னார். புள்ளிக்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்: ‘மகள் சுபிதா வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஐஸ் பெட்டி வேண்டாம். அன்றைக்கே அடக்கம் செய்யவும்.’

பரீட்சை நேரத்தில் உன்னைக் கலக்குகிறேன் என்று தெரியும். பரீட்சையை இன்னொரு தடவை எழுதலாம். டிக்கெட் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிடு. அழாதே, அழுதால் அவர் உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நர்ஸாக நின்று அதட்டு, நீ அதட்டினால் கேட்பார். நாளையிலிருந்து வாளியைத் தொடக்கூடாது என்று முதலில் சொல். குமாரதாஸ்மேல் கோபப்படாதே, பாவம், அவனும் தூங்கவில்லை. வழியில் பட்டினி கிடக்காதே, பிள்ளைக்குக் கம்பளி எடுத்துக்கொள், இங்கே சாயங்காலமானால் மழை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இன்று காலை அவர் பால் எடுக்கப் போனதும் அந்த நோட்டில் அவருடைய வரிக்குக் கீழே நானும் பேனாவால் ஒரு வரி எழுதினேன். என் கையெழுத்து உனக்குத் தெரியுமே, கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. ‘காத்திருக்க வேண்டிய தேவை இல்லை, பிள்ளை முன்னாலேயே வருகிறாள்’ என்று எழுதியிருக்கிறேன். வந்து கண்ணாடியைப் போட்டதும் அதைத்தான் பார்ப்பார். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே மக்களே.

முத்தங்களோடு, வாளிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி,
உன் அம்மா
ஞானபாய்