இனி வரும் திங்கள் எல்லாம்

இன்று காலை பஸ் புத்தூரைத் தாண்டியதும் போன் அடித்தது. 'கபில தீர்த்தம், அவளோடு.' நான் போட்டு வைத்த நினைவூட்டல்தான். ஆடியில் நீ கண்ணை மூடிய பிறகும் திங்கள்தோறும் அது அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. மற்ற வாரங்களில் பார்க்காமலே தள்ளிவிடுவேன். இன்று தீபாவளி கழிந்த முதல் திங்கள், தள்ள மனம் வரவில்லை. ஒரேயடியாக நீக்கிவிடலாம் என்று விரலை வைத்தால், 'இதை மட்டுமா, இனி வரும் எல்லாவற்றையுமா?' என்று கேட்கிறது. இது என்ன கேள்வி! இரண்டையும் தொடாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எல்லாம் நம் கார்த்திகையால் வந்த வினை. திருப்பதியில் கல்லூரி அலுவலகத்தில் நமக்கு அடுத்தடுத்த மேஜை. நீ வெதுருகுப்பத்துத் தெலுங்குக்காரி, நான் நகரித் தமிழ்க்காரி. ஒரு வருஷம், கார்த்திகை முதல் திங்கள் சேர்ந்து கபில தீர்த்தக் கோயிலுக்குப் போவதென்று பேசிக்கொண்டோம். நீ உன் பிளானரில் எழுதினாய், நான் போனில் போட்டேன். அந்த ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு, நான் லீவு போட்டு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு திங்களன்று, உன் போன் வந்தது.

"ஏமே, எங்க கீறே? நா தீபம் வாங்கிக்கினு படிக்கட்டுல குந்திக்கினு கீறேன்."

"இன்னிக்கா? இன்னும் ஐப்பசியே முடியலியேடி!"

"அய்யோ ராமா, உங்க கார்த்தீகம் வேறயா?"

உங்களுக்கு அமாவாசை கழிந்ததும் மாதம் பிறந்துவிடுகிறது. எங்களுக்கு அது வர இன்னும் நாள் கிடந்தது. போன் தப்பா, பிளானர் தப்பா என்று வாரம் முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில் உன் கார்த்திகை பிறந்ததிலிருந்து என் கார்த்திகை முடியும்வரை எல்லாத் திங்களும் போவதென்று ராசியானோம். போனில் வாராவாரம் என்று போட்ட நான், எப்போது நிறுத்துவது என்று போட மறந்துவிட்டேன். சித்திரை வெயிலில் அது அடித்தபோது, "உன் போனுக்கு வருசம் பூரா கார்த்தீகமாடி?" என்று நீ சிரித்த சிரிப்பில் கேஷியர் எழுந்து வந்து பார்த்தார்.

அந்தப் பிளானர்மேல் உனக்கு அப்படி என்ன பிரியம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தைமாதப் பொங்கலுக்குள் இரண்டு வாங்கி ஒன்றை என் மேஜையில் வைப்பாய். தானாகக் கூப்பிடாத ஒன்று எதற்கு என்று கேட்டால், "கூப்புடாதுடி. நாமதான் தெறந்து பாக்கணும்" என்பாய். அதில் என்ன லாபம் என்று இன்றும் விளங்கவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூட, கையில் அவ்வளவு பெரிய போனை வைத்துக்கொண்டே, கலர் பேனாவும் பிளானருமாக வருகிறார்கள். அவர்களுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லையோ?

ஒருமுறை நீ லீவில் இருந்தபோது, ரத்தான மீட்டிங்கை உன் பிளானரில் கறுப்பாக அடித்துத் தீர்த்துவிட்டேன். வந்து பார்த்துக் கோபித்துக்கொண்டாய்.

"கிறுக்காதே. ஒரே கோடு போடு. எங்க போவலன்னு அப்பால படிக்கத் தெரியணும் இல்ல?"

போகாத இடத்தைப் படித்து என்ன செய்வது? அன்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

இன்று அலுவலகம் வந்ததும் நீ இந்தப் பொங்கலுக்குக் கொடுத்த பிளானரை டிராயரிலிருந்து எடுத்தேன். இத்தனை நாள் அதன்மேல் டீ டம்ளர்தான் வைத்திருந்தேன். அட்டை முழுக்க வட்டம் வட்டமாகக் கறை. உள்ளே ஓர் எழுத்தில்லை, புதுத்தாள் வாசனைகூடப் போகவில்லை. இந்த வாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் போவதா வேண்டாமா? எனக்கு இன்னும் ஐப்பசி. யாருடைய கார்த்திகைக்காகப் போகிறேன்? நீ இல்லாத படிக்கட்டில் எனக்கு என்ன வேலை? உன்மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

பேனாவை எடுத்து, போனில் இருந்ததை அப்படியே எழுதினேன். 'கபில தீர்த்தம், அவளோடு.' பிறகு 'அவளோடு' என்பதன்மேல் மட்டும் ஒரு கோடு போட்டேன். ஒரே கோடு.

சாயங்காலம் போகத்தான் போகிறேன். போன் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கோட்டுக்கு அடியில் உன்னை நன்றாகவே படிக்க முடிகிறது.