செவலையிடம் சொன்னது

1940, ஆவணி 24, ஞாயிறு. விழுப்புரம்.

புழுக்கம். மேற்கே மேகம் கட்டிக் கலைந்தது. ஓடு மாற்ற வருவதாகச் சொன்ன ஆள் இன்றும் வரவில்லை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது தளர்ந்துவிட்டது, நூல் கட்டியிருக்கிறேன்.

காலையில் பாக்கியம் கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கரைத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது:

"முடியலடி செவல. ஒரு வாயில்லா ஜீவனோட எத்தினி வருஷம் மாரடிக்கறது? இன்னா, ஏதுன்னு கேக்கத் தெரியாத ஜென்மம். கண்ணு மறைவா எங்கனா போயிட்டா தேவல."

எனக்காகத்தான் உரக்கச் சொல்கிறாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. மகள் இருந்தவரை மகள் மூலமாகப் பேச்சு. அவள் கடலூருக்கு வாழப் போன பின் மாட்டின் மூலமாக. "செவல, சோறு ஆறுது" என்றால் நான் சாப்பிடப் போக வேண்டும். நானும், "செவல, எண்ணெய் தீந்துபோச்சா?" என்பேன். பதில் வரும். சண்டை எதுவும் கிடையாது. எப்போது இப்படி ஆனோம், நினைவில்லை.

மாடு கறவை வற்றி நிற்கிறது. பா.வுக்கு முழங்கால் வலி. அவளுக்கு அது பாரம் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

26, செவ்வாய்.

பா. கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் வந்து செவலையை ஓட்டிக்கொண்டு போனார். தோட்டம் வைத்திருக்கிறார், வெட்டுக்குத் தள்ளமாட்டார் என்று விசாரித்த பிறகே கொடுத்தேன். கொட்டகையைக் கூட்டினேன். சாணம் அள்ளினேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பா. சந்தோஷப்படுவாள் என்ற எண்ணம்.

வந்தாள். கொட்டகை முன்னால் நின்றாள்.

"மாடு எங்க?"

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. முளைக்கம்பைப் பார்த்துக் கேட்டாள். நானும் முளைக்கம்பைப் பார்த்து, "குடுத்தாச்சு. இனிமே சிரமமில்ல" என்றேன்.

வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோபமா? களைப்பா? எனக்கு முகம் படிக்கத் தெரிந்ததில்லை.

28, வியாழன்.

தூறல். ஓட்டு ஆள் வந்தான். பாதி மாற்றினான், பாதி நாளைக்காம்.

வீட்டில் பேச்சே இல்லை. இலை போடுகிறாள், பரிமாறுகிறாள், போய்விடுகிறாள். சோறு ஆறினால் ஆறுகிறது. குழம்பில் உப்பில்லை, யாரிடம் சொல்வது? அப்படியே சாப்பிட்டேன். ஒரு தரம் வாய் திறந்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதிலேயே நின்றுவிட்டது. இத்தனை வயதுக்கு மேல் "இந்தா" என்பதா?

பக்கத்து வீட்டு அஞ்சலை வேலிக்கு அந்தப்புறமிருந்து: "இன்னா ஐயா, வூட்ல ஆளு இருக்கறீங்களா இல்லியா? மாடு போனதும் சத்தமே போச்சே!"

சிரித்து வைத்தேன்.

29, வெள்ளி.

பா. திண்டிவனம் போனாள், தம்பி கோவிந்தசாமி வீட்டுக்கு.

துணிமூட்டையோடு வேலியருகே நின்று அஞ்சலையிடம், "தம்பி வூட்டுக்குப் போறேன்னு சொல்லிடு" என்றாள். நான் நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, அம்மா தம்பி வூட்டுக்குப் போறாங்களாம்."

"சரி" என்றேன்.

அஞ்சலை அவள் பக்கம் திரும்பி, "சரியாம்" என்றாள்.

எப்போது வருவாள் என்று கேட்டிருக்கலாம். அஞ்சலை உள்ளே போய்விட்டாள்.

31, ஞாயிறு.

விடிந்ததிலிருந்து மழை. மாற்றாத பாதியில் ஒழுகல்.

செய்ய வேண்டியவை: விளக்குத் திரி. அரிசியில் கல் பொறுக்க. திண்டிவனம்?

ரசம் வைத்தேன். புளி அதிகம். அரை வயிறு.

அன்று கொட்டகையில் சொன்னது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'கேக்கத் தெரியாத ஜென்மம்.' மாடு எதைக் கேட்கும்? உத்தியோகம் முழுக்க முன்சீப் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு. சாட்சியின் சொல் இரண்டு பேருக்கும் பொருந்தி நின்றால், "யாரச் சொல்றே?" என்று கேட்டுவிட்டுத்தான் இங்கிலீஷில் சொல்வேன். ஜட்ஜ் அவசரப்பட்டாலும் கேட்பேன்.

கையெல்லாம் புளி வாசனை.

புரட்டாசி 3, புதன்.

காலை வண்டியில் திண்டிவனம். நெரிசல். எதிரே ஒருவர் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றபடி ஜெர்மன்காரன் சண்டை பற்றி விளக்கிக்கொண்டே வந்தார். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். மயிலம் தாண்டியதும் வரிசை போய்விட்டது.

கோவிந்தசாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "வாங்க மாமா. வக்கீல் வெச்சிக்கினு வந்தீங்களா, நீங்களே பேசுவீங்களா?"

பா. உள்ளே கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவனைப் பார்த்து, "வீட்டுக்கு வரச் சொல்லு" என்றேன்.

"உங்களோட பேஜாரா போச்சு மாமா. அக்கா இங்கதான குந்திக்கினு இருக்குது? நான் இன்னா, செவலையா?" செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

முறத்தின் சத்தம் மட்டும்.

"பாக்கியம்" என்றேன். எனக்கே யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது. முறம் நின்றது.

"அன்னிக்கு நீ மாட்டச் சொல்றேன்னு நெனச்சிட்டேன்."

"மாட்டுகிட்ட சொன்னேன். மாட்டையா சொன்னேன்?"

"இப்ப தெரியுது."

"அது தலையயாவது ஆட்டும்."

கேப்பையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். நான் நின்றேன். உட்காரச் சொல்வாள் என்று பார்த்தேன். பிறகு நானே உட்கார்ந்தேன்.

"வீட்டுக்கு வா."

"வரலைங்க." என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "வந்து யார்கிட்ட பேசறது? சொவத்துகிட்டயா?"

வேறு மாடு வாங்கலாம் என்பது வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை.

சாப்பாடு போட்டாள். களி, கீரைக் கடைசல். "உப்பு கொறச்சல்" என்றேன், அவளிடமே. கொண்டுவந்து வைத்தாள். முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "இருக்குது" என்றாள். அவ்வளவு பேசியதே அலுப்பாக இருந்தது, மூட்டை தூக்கியது போல.

வண்டிக்கு நேரமாயிற்று. எழுந்தேன். வாசல் வரை வந்தாள்.

"போயிட்டு வாங்க."

யாருக்கும் சொல்கிற வார்த்தைதான். தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். மூலை வரை போய்த் திரும்பி வந்தேன். இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப வரட்டும்?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறா, தெரியவில்லை.

"சனிக்கிழம வேணாம். கிருத்திக, நாங்க மயிலம் கோயிலுக்குப் போறோம். ஞாயித்துக்கிழம வாங்க."