ஜூன் ஒன்றில் பிறந்தவள்

ஜனவரி 11
நீண்ட ஆலோசனைக்குப் பின் எங்கள் வீட்டில் இன்று ஒரு முடிவு எட்டப்பட்டது: மகள் இனியாவின் கோல்கீப்பர் கையுறைகள் இனி மாடிக் கொடியில் அல்ல, சமையலறை ஜன்னலில் காயும். மனைவி தையல்நாயகி எதிர்த்து வாக்களித்தாள். "சாம்பாரு கொதிக்கற எடத்துல அந்த நாத்தமா?" ஒன்றுக்கு இரண்டு. முதலியார்பேட்டையில் ஜனநாயகம் இருக்கிறது.

ஜனவரி 29
பயிற்சியாளர் அமுதவல்லி வீட்டுக்கே வந்து சொன்னார். பதினேழு வயதுக்குட்பட்ட இந்திய மகளிர் கால்பந்து அணியின் தேர்வு முகாமுக்கு இனியாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நூலகத்தில் செய்தித்தாள் அடுக்குகிறவன் என்ற தகுதியில் அந்த அணியின் வரலாற்றை நான் அறிவேன். கிரிக்கெட்டுக்குக் கீழே, ராசிபலனுக்கு மேலே, நான்கு வரி. 2022இல் நம் நாட்டிலேயே நடந்த உலகக் கோப்பை: மூன்று ஆட்டம், வாங்கியது பதினாறு கோல், போட்டது ஒன்றுமில்லை. நாடு மறந்துவிட்டது. பதின்மூன்று வயது இனியா மூன்றையும் பார்த்து முடித்து, "அங்க கீப்பருக்கு வேல இருக்குதுப்பா" என்றாள். மறுநாள் கையுறை கேட்டாள்.

பிப்ரவரி 3
விதி: 2009 ஜனவரி ஒன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். இனியா பிறந்தது 2009 மார்ச் 9. பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் 2008 ஜூன் 1.

எழுதித்தான் ஆக வேண்டும். நாலேகால் வயதில் பஸ் போர்டைப் படிக்கிறாள் என்ற பெருமையில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனேன். ஐந்து முடியவில்லையே என்றார் தலைமையாசிரியர். "ஜூன் ஒண்ணு போட்டுக்கலாமா சார்?" கேட்டது நான். அந்த வகுப்பில் பதினொரு பிள்ளைகள் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்.

பிப்ரவரி 12
வயது பார்க்க எடுத்த மணிக்கட்டு எக்ஸ்ரே, பதினேழு ஆகவில்லை என்கிறது. நகராட்சிப் பிறப்புச் சான்றிதழும் அதையே சொல்கிறது. முகாமிலிருந்து பதில்: ஆவணங்கள் முரண்படுகின்றன, 20ஆம் தேதிக்குள் திருத்தி அனுப்பவும். பள்ளித் தேதியை மாற்றக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம். எட்டு நாளில் கோர்ட்டால் ஒத்திவைக்கக்கூட முடியாது.

பிப்ரவரி 20
தேதி முடிந்தது. அமுதவல்லி ஃபோனில், "அது அழுவவே மாட்டுது சார். பாத்துக்குங்க" என்றார்.

அழவில்லைதான். ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "இந்த வருசம் என்னத் தாண்டிப் போன ஒரே பந்து இதாம்ப்பா."

ஏன் கேட்டேன் அன்னைக்கு? இன்னும் ஒரு வருசம் வீட்ல வெளயாடிட்டு இருந்திருந்தா என்னா ஆயிருக்கும்? எவன் அவசரப்பட்டான் — நான்தானே.

பிப்ரவரி 26
நெல்லித்தோப்பு தேவிப்பிரியா அவளுக்குப் பதிலாக முகாமுக்குப் போகிறாள். கையுறைகளை இனியாவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மார்ச் 9
பதினேழு. கேசரி.

ஜூலை 18
கடந்த மாதம் பதினெட்டு முடிந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். இன்று இனியாவுக்கு வாக்காளர் அட்டை வந்தது. பிறந்த தேதி 1.6.2008.