கண்ணாடிக் குழாயில் தண்ணிக் கோடு

பதுளை
15.2.1987

அன்பு மகள் தெய்வானைக்கு அம்மா எழுதுறது. கதிர்காமத்து முருகன் புண்ணியத்துல நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்க ரெண்டும் கோத்தகிரி குளிர்ல காய்ச்சல் சளி இல்லாம இருப்பீங்கன்னு நம்புறேன். நாங்களும் அப்படியேன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை வரமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு தெய்வானை. உங்கப்பா நேத்து காலையில கரிக்கோச்சி ரயில்ல நானுஓயாவுக்குப் போனாரு, இன்னைக்கு மூணு மணிக்குத் திரும்பி வரணும், இப்ப மணி நாலு. ஹாலிஎல பக்கம் விசில் கேக்குதான்னு காதக் குடுத்துக்கிட்டே எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா சிரிக்காத.

வெள்ளைக்காரங்க பார்க்க வர்றாங்கன்னு அந்தப் பழைய எஞ்சினத் தட்டி எடுத்து ஓட்டுறாங்க, பென்சன் வாங்கி வீட்டுல இருந்த மனுசன பயர்மன் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்கன்னு போன கடிதத்துல எழுதினேனே. அப்ப எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. விடிய எந்திரிச்சுப் போயி நெருப்புப் போட்டு, எண்ணெய் விட்டு, பித்தளையெல்லாம் சாம்பல் வச்சுத் தேச்சு, எனக்கு ஒரு நாள் கூட ஒரு குடம் விளக்கித் தராத ஆளு! ஆனா மார்கழி மாசத்துல இருந்து சோத்துல கிடக்கிற கல்லு அவருக்குத் தெரிய மாட்டேங்குது, வாசல்ல நிக்கிற ஆளக் குரல வச்சுத்தான் யாருன்னு சொல்றாரு. கண்ண வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தேன், ரெண்டுலயும் புரை, பால் மாதிரி. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வேலை போயிரும்னு கத்துறாரு. போன கிழமை சோடாப் போத்தல்ல பாதித் தண்ணி ஊத்தி ஜன்னல்ல வச்சு, தண்ணி எது வரைக்கும் இருக்கு காட்டுங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே விரல வச்சாரு. கழுத்துல வச்சாரு தெய்வானை.

எஞ்சினுக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாய் இருக்குமே, சின்னதுல உன்னத் தூக்கிக் காட்டுவாரு. பாய்லர்ல எவ்வளவு தண்ணின்னு அதுல தெரியிற கோட்டப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். கோடு தெரியலேன்னா நெறஞ்ச குழாயும் ஒண்ணுதான் வெறுங்குழாயும் ஒண்ணுதான். மேட்டுல ஏறுறப்ப தண்ணி பின்னுக்கு வந்து நெருப்புப் பெட்டி மேல நிக்கும், பட்டிப்பொல உச்சி தாண்டி இறங்குன உடனே எல்லாம் முன்னுக்கு ஓடிரும். அந்த நேரம் தண்ணி கொறைவா இருந்தா பெட்டி தலை காஞ்சு, அதுல அடைச்சு வச்சிருக்கிற ஈயம் உருகி, நெருப்பும் ஆவியும் நிக்கிறவங்க மூஞ்சியில அடிச்சிரும். உங்கப்பா கூட வேலை செஞ்ச மாடசாமி அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு, அப்ப உனக்கு ஆறு வயசு. வாழை இலையில கிடத்தியிருந்தாங்க, மூணாம் நாள் போயிட்டாரு. நான் போயிப் பார்த்தேன், இன்னைக்கும் கண்ண மூடுனா அந்த இலைதான் தெரியுது.

முந்தாநாள் மனசு கேக்காம டிரைவர் ஜாபிர் தம்பி வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு, அக்கா எனக்கு முன்னமே தெரியும், ரெண்டு மாசமா அண்ணனுக்காகக் கண்ணாடிய நான்தான் பார்க்கிறேன், அவர நிறுத்துனா அந்த எஞ்சினுக்கு வேற ஆள் இல்லைங்கிறாரு. அட பாவி மனுசா, நீ கண்ணாடியப் பார்த்தா லைன யாரு பார்ப்பான்னு கேட்டேன். ஆறுதல் தேடிப் போன நான் ரெண்டு மடங்கு பயத்தோட வந்தேன். வண்டியில பிள்ளைகுட்டிகளும் இருக்குமே. அதனால இன்னைக்கு மத்தியானம் எஞ்சின் ஷெட் ஃபோர்மேன் ஐயாவுக்கும் உங்கப்பா கண்ணப் பத்தி ஒரு கடிதம் எழுதி வச்சேன். குடுக்கவா வேணாமான்னு இன்னும் தெரியல. நாப்பது வருசம் கூட வாழ்ந்த மனுசனக் காட்டிக் குடுக்கிறதா?

விசில் கேக்குது. நீளமா ஒண்ணு, குட்டையா ரெண்டு, அவங்க வண்டிதான். முருகா.

மணி ஆறு. வந்துட்டாரு, சோறு சாப்பிட்டு உக்காந்திருக்காரு. சாப்பிடுறப்ப இடது கையால உருண்டை புடிச்சாரு, ஏன்னு கேட்டா மழுப்புனாரு. வலது கைய இழுத்துப் பார்த்தேன், மூணு விரல்லயும் கொப்புளம். ஒஹியாவுக்கு மேல லைன்ல மாடு நின்னுச்சாம், ஜாபிர் வெளிய எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தாராம், இவரு குழாய்க்குக் கீழ உள்ள டேப்பத் திறந்து, வர்றது தண்ணியா ஆவியான்னு விரலால தொட்டுப் பார்த்திருக்காரு. தண்ணிதான் வந்துச்சு பாக்கியம், தண்ணிதான் வந்துச்சுன்னு என்னையவே சமாதானப்படுத்துறாரு. நான் எண்ணெய் பூசுறப்ப அழுதேன், அவரு அழல.

அப்புறம் மேசையில கிடந்த ஃபோர்மேன் கடிதத்த எடுத்து மூஞ்சிக்கிட்ட வச்சு, இது தெய்வானைக்குத்தானே, பேரப்பிள்ளைங்கள நான் கேட்டதா எழுதுனியான்னு கேட்டாரு. எழுதிட்டேன்னு சொன்னேன். அவரே மடிச்சு என் கையில குடுத்து மறக்காம சேர்த்துருன்னாரு. நாளைக்குக் காலையில உன் கடிதத்தத் தபால் பெட்டியில போட்டுட்டு, அவரு மடிச்சுக் குடுத்தத ஷெட்டுல குடுக்கப் போறேன். அவரு எங்கிட்ட பேசாம இருந்தா இருக்கட்டும், உசுரோட இருந்து பேசாம இருக்கட்டும்.

நீயும் குடும்பமும் தீர்க்காயுசா நல்லா இருக்கணும். சின்னவனக் காலையில பனியில விடாத. பதில் போடுறப்ப அப்பாவுக்குன்னு ஒரு தாள் தனியா வச்சு எழுது, எழுத்து ஒவ்வொண்ணும் பெருசா இருக்கட்டும்.

இப்படிக்கு
உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கும் அம்மா
அ. பாக்கியலெட்சுமி